சாமி நிக்குது

சத்தியமுங்க. என்ற ரெண்டு கண்ணு மேல சத்தியம், இந்த டீக் கேனு மேல சத்தியம், சொல்லப் போறதுல ஒரு வார்த்தை பொய்யிருந்தா என்ற நாக்கு அழுகிப் போகட்டும். அப்படி மொறைக்காதீங்க அம்மிணி. கெழவன் கதை உடுவான், காது குடுக்காதீங்கன்னு ஆபீஸ்ல சொல்லித்தான் அனுப்பிச்சிருப்பாங்க. உடறவந்தான். துணி வெட்டற கட்டிங் டேபிள்ல மலைப்பாம்பு படுத்திருந்துச்சுன்னு போன வருசம் நாலு பொம்பளைகளை ஓட வெச்சது நாந்தான். இது வேறைங்க.

டீயக் குடிங்க. கம்பெனி காரு அனுப்பிக் கூட்டியாந்த வக்கீலம்மா, உங்குளுக்குக் கேனு டீ எறங்காதுதான். விசாரணை பத்தரைக்குத்தானுங்களே, நேரங் கெடக்குது. கேனுல என்ன ஒடுக்கா? அதைப் பொறகு சொல்றேன்.

அட, இருங்கடி, வர்றேன். என்னையத்தானுங்க கூப்புடுறாளுக. பேரு சாமியப்பன், இங்க எல்லாருக்கும் வெறும் சாமி. சாமி டீ, சாமி வடைன்னு நாளெல்லாம் இதே பூசைதான்.

செரி. நம்ம லைன்ல தைக்கற தூத்துக்குடிப் பையன் இசக்கிமுத்துவ உள்ள நிக்க வெச்சு, ஆமா, நாந்தான் மேனேஜரை வேணும்னே யானைகிட்ட அனுப்பிச்சேன்னு எழுதி வாங்கறதுக்குத்தான வந்திருக்கறீங்க? வாங்கிட்டீங்கன்னா பொழுதோட அவனை வெளிய தள்ளிருவாங்க. அப்பறம் இந்தத் திருப்பூருல ஒரு கம்பெனியும் அவனைக் கேட்டுக்குள்ள உடாது. உங்க பையில இருக்கற பேப்பருக்கு அவ்வளவு சக்தி. இருக்கட்டும், கேளுங்க.

மேனேஜர் சண்முகவேலு தறிக்காரர் ஊட்டுப் பையன். முருகன்னா உசுரு, மனுசன்னா மட்டும் ஆகாது. உடுமலைக்குத் தெக்க காட்டுக்குள்ள ஒரு முருகன் கோயில், அங்க லைன்ல இருக்கற நாப்பது பேரையும் ஞாயித்துக்கெழமை ஏத்திட்டுப் போனாரு. ட்ரெக்கிங்காமா. வராதவிய திங்கக்கெழமையும் வர வேண்டாம்னு போர்டுல எழுதிப் போட்டாரு. மலையேறறதுலயும் டார்கெட்டுங்க. கையில வாட்சு, அரை மணி நேரத்துல இந்தப் பாறை, ஒரு மணி நேரத்துல அந்த வளைவுன்னு.

நம்ம ஓவர்லாக் மெசின் ஓட்டற சீனியம்மாள் இளைப்புக்காரி. பாதித் தடத்துல பாறை மேல ஒக்காந்துட்டா. ஒக்கார்றதுன்னா அப்படியே கீழ போயிரு, நாளைக்கு உன்ற மெசின்ல வேற ஆளு இருக்கும்னாரு மேனேஜரு. இசக்கிமுத்துவுக்குப் பொறுக்கல. அக்கா மூச்சு வாங்கிட்டு வரட்டும் சார், மலை எங்கயும் ஓடிராதுல்லான்னான். பொழைக்க வந்த நாயிக்கு வாயப் பாருன்னு, அத்தனை பேரு முன்னால சொன்னாருங்க. சொல்லிப்போட்டு கையில அரிவாளைக் குடுத்து, முன்னால போயி உண்ணிச்செடிய வெட்டித் தடம் உடுன்னு தொரத்துனாரு.

எனக்கெப்படித் தெரியுமா? சொன்னாங்க. நான் முட்டி வலின்னு அடிவாரத்துலயே ஒக்காந்துட்டேன். உங்க பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கும், பாருங்க.

இசக்கிமுத்து வெட்டிட்டே போறான். கையெல்லாம் முள்ளு கிழிச்சு ரத்தம். அந்தாளு சொன்ன வார்த்தை மண்டைக்குள்ள சுத்துது, வேற ஒண்ணும் காதுல ஏறல. வளைவுல திரும்புனா எதுத்தாப்பல மொறம் மாதிரி என்னமோ ஆடுது. காதுங்க. நம்ம ஜெனரேட்டரு எந்திரிச்சு நின்னாப்பல ஒசரம். ஒரு கொம்பு மேல காக்கா ஒக்காந்து எறகு கோதிட்டிருந்துச்சு, சத்தியமா. அவன் கடலோரத்துல பொறந்தவன், யானையக் கோயில் வாசல்ல சங்கிலியோடதான் பாத்திருக்கான். கத்தோணும்னு வாயத் தொறந்தான், வெறும் காத்துதான் வந்துச்சு. அரிவாளைப் போட்டுட்டு மரத்துல தொத்திட்டான். நடுங்குன நடுக்கத்துல எலையெல்லாம் கொட்டுது.

அப்பத்தான் மேட்டுல இருந்து ஒரு கொரலு. சாமி நிக்குது, சாமி நிக்குதுன்னு.

பின்னால கீழ இருந்து ஏறி வந்துட்டிருந்த மேனேஜரு கோயில் வந்துருச்சுன்னு நெனச்சுட்டாரு. மாலையும் பழத்தட்டும் அவருகிட்ட. மொத மரியாதைய வேறொருத்தன் வாங்கிருவானோன்னு பயம். எனக்கு முன்னால யாராச்சும் இருக்கறாங்களான்னு கத்துனாரு. யாருமில்லீங்க, நீங்கதான் மொதல்லன்னு பதில் வந்துச்சு. மத்தவங்களப் பின்னால நிக்கச் சொல்லிப்போட்டு, கண்ணை மூடிக் கும்புட்டுட்டே வளைவுல திரும்புனாருங்க.

சாமி தட்டை வாங்கிக்கிச்சு. மாலையை வாங்கிக்கிச்சு. அப்பறம் அவரை வாங்கி முள்ளுப் பொதருல வீசிருச்சு. தோள்பட்டை மூணு எடத்துல ஒடைஞ்சு போச்சு. அதோட உட்டுட்டு மேட்டுக்கு ஏறி வந்து, ஒரு கேனு இஞ்சி டீய மூச்சு உடாம உறிஞ்சிப்போட்டு, கேனை ஒரு ஒதை ஒதைச்சுட்டுப் போயிருச்சு.

யாரு டீயா? சித்த பொறுங்க அம்மிணி.

கத்துனது நானில்ல, சாமிதான்னு இசக்கிமுத்து வெளக்கம் எழுதிக் குடுத்தான். ஆபீஸ்ல படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சிருப்பீங்க. அவன் ஊருச் சாமி இத்தனை தூரம் வந்து கொரல் குடுத்துச்சுன்னு இன்னும் நம்பிட்டிருக்கறான், பைத்தியக்காரன்.

படிச்சவிய நீங்க, ஒண்ணு சொல்லுங்க. யானையப் பாத்தா தூத்துக்குடிக்காரன் என்னன்னு கத்துவான்? யானைன்னுதான். காட்டுக்குள்ள அது பேரைச் சொன்னா நம்மளத் தேடி வரும்னு பயந்து, சாமின்னு சொல்றது மலையடிவாரத்துல மாடு மேச்சவிய மட்டுந்தான். இங்கயே பொறந்த மேனேஜருக்கே அது தெரியலயே, போன வருசம் பஸ்ஸு ஏறி வந்தவனுக்கு எப்படித் தெரியும்? என்ன வார்த்தை கேட்டுச்சுன்னு மேனேஜரைக் கேளுங்க. அதையே உள்ள போயி எழுதுங்க. அவன் பொழப்பு தப்பிச்சுக்கும்.

அப்ப அந்த வார்த்தை தெரிஞ்ச ஆளு யாருங்கறீங்களா? மொதல்ல பேனாவ மூடுங்க. மூடுனாத்தான் சொல்லுவேன்.

பத்து வருசம் அந்த மலையில மாடு மேச்சனுங்க. ஆட்டுத்தடம் ஒண்ணு குறுக்கால போகும். எல்லாரும் வர்றதுக்குள்ள மேல டீயோட நிக்கலாம்னு கேனைத் தூக்கிட்டு ஏறிட்டேன். மொதக் கொரலு நெசமாலுமே தடுக்கத்தானுங்க, பழக்கத்துல அப்படி வந்துருச்சு. ரெண்டாவது... ஏறறப்ப சீனியம்மா மூச்சு வாங்குனது கேட்டுது. அவளுக்காகப் பேசி அந்தப் பையன் வாங்குன பேச்சும் கேட்டுது. முன்னால யாராச்சும் இருக்கறாங்களான்னு அவரு கேட்டாரு. இசக்கிமுத்து மரத்து மேல, தடத்துல ஒருத்தருமில்ல. நீங்கதான் மொதல்லன்னேன். பொய்யா சொன்னேன்?

மணி அடிச்சாச்சு, போங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா என்ற பேரை எடுத்துராதீங்க அம்மிணி, நான் இங்கயே டீ ஊத்திப் பொழைக்கோணும். நெம்ப நெருக்குனாங்கன்னா, சாமி சொல்லுச்சுன்னு சொல்லிருங்க. சிரிச்சுட்டு உட்டுருவாங்க. உங்குளுக்கும் பொய் சொன்ன பாவம் வராது.