முப்பத்தாறாம் நாள்

நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. சங்கத்துக் காசில் வாங்கிய சீனியென்றால் கரண்டியைக்கூடத் தொடமாட்டேன். டூங்கபியிலுள்ள எங்கள் சங்கத்துக்குப் பதினான்கு வருடம் பொருளாளராக இருந்த இந்தக் கிருபானந்தனிடம் ஒரு சதக் குறையையும் விசாரணைக் குழுவாகிய உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆறுதலாகத் தேடிப் பாருங்கள், எனக்கு அவசரமில்லை.

தலைவர் மகேந்திரராசா சர்வாதிகாரி என்கிறீர்கள். ஓம், அப்படித்தான் இருந்தார். ஒன்பது வருடமாகத் தேர்தல் இல்லை. சங்கக் கலண்டரில் பன்னிரண்டு மாதமும் அவர் படம். மாசியில் மட்டும் ஓரமாகப் பிள்ளையார், அதுவும் தலைவர் கையால் மாலை வாங்கிக்கொண்டு. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. நான் கொழும்பில் வங்கி அதிகாரியாக இருந்தவன், கழுத்துப்பட்டி இல்லாமல் கூட்டத்துக்குப் போனதில்லை. அவரோ மேசையில் குத்திக் கத்துகிற ஆள். ஆனால் நான் விலகியிருந்தால் என் கதிரையில் அவருடைய மைத்துனர் வந்து குந்தியிருப்பார். அதனால்தான் இருந்தேன்.

இளங்கீரன் படகில் வந்தவன். தற்காலிக விசா, துப்புரவு வேலை, மனைவி சயந்தினி, ஒரு கைக்குழந்தை. அவனுடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். நீதிமன்றம் போக முப்பத்தைந்து நாள் தவணை. இப்படியானவர்களுக்கென்றே எங்களிடம் வழக்கு நிதி உண்டு. அதில் அவனும் ஐந்து வருடமாகக் கிழமைக்கு இருபது டொலர் போட்டவன். சங்கம் கட்டணத்தைக் கட்டினால்தான் சட்டத்தரணி வழக்குப் போடுவார். பணம் போவதற்கு வங்கி ஆப்பில் தலைவரும் நானும் தனித்தனியே ஒப்புதலை அழுத்த வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவன் பொதுக்கூட்டத்தில் எழும்பி, "அண்ணை, எலெக்‌ஷன் எப்ப வைப்பியள்?" என்று கேட்டான். சபை சிரித்தது. தலைவரும் சிரித்தார், சிரித்தபடியே எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கான பணத்துக்குத் தன் பங்கை அழுத்தினார். பிறகு கார் தரிப்பிடத்தில் என்னிடம், "கிருபா, பெடியளை விட்டு இவனுக்கு நாலு சாத்து சாத்துவமோ?" என்றார்.

எனக்குக் கைகலப்பு என்றாலே அருவருப்பு. "வேண்டாம் அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். ஒருவன் அடி வாங்காமல் தடுத்தவன் நான். அதையும் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டத்தரணியின் பில்லில் சங்கத்தின் பெயர் இல்லை, அவன் பெயர்தான் இருந்தது. திருப்பி அனுப்பினேன். திருத்தி வந்ததில் திகதி பழையது. மறுபடி அனுப்பினேன். மூன்றாவது பில் ஒரு குறையுமில்லாமல் வந்தபோது இருபத்தெட்டாம் நாள். நான் மனைவி யோகாவோடு கோல்ட் கோஸ்டில் விடுமுறையில் இருந்தேன். வங்கி ஆப் போனில்தான் இருந்தது. அதே போனில் டொல்பின்களைப் படம் பிடித்தேன், நன்றாக வந்திருக்கின்றன. சயந்தினி பதினொரு தடவை அழைத்தாள். விடுமுறையில் சங்க வேலை பார்ப்பதில்லை என்பது என் கொள்கை.

முப்பத்தாறாம் நாள் காலை வீடு வந்ததும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழுத்தினேன். தவணை முடிந்துவிட்டதென்று சட்டத்தரணி பணத்தைத் திருப்பி அனுப்பினார். நிதிக்கு நட்டமில்லை.

இளங்கீரனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய், வைகாசியில் விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

விஷயம் வெளியே வந்ததும் தலைவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. இப்போது மெல்பேர்னில், ரோவிலில், மகள் வீட்டில் இருக்கிறார். அவர் போனபின் பதினேழு நாள் நானே தலைவர். அந்த நாட்களில் ஒருநாள் சயந்தினி நார்த்மீட்டிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"அங்கிள், முப்பத்தைஞ்சு நாள்தான் எண்டது உங்களுக்கு மறந்து போச்சோ?"

அப்படிக் கேட்டு, சயந்தினி எனக்கு ஒரு வழி விட்டுத் தந்தாளாம். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மன்னித்துவிட்டுப் போயிருப்பாள் என்று யோகா சொல்கிறாள். யோகா இப்போதெல்லாம் என்னோடு அதிகம் பேசுவதில்லை, ஆனாலும் அதைச் சொன்னாள். இருக்கலாம். ஆனால் ஒரு திகதியைத்தானும் தவறவிட்டவன் என்ற பெயரை நான் எப்படி எடுப்பது?

"மறக்கேல்லைப் பிள்ளை," என்றேன். "ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்."