குறுக்கீடில்லாத சாப்பாட்டு மேசை

எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது, ஆய்வாளர் அவர்களே. ஆகவே குறுக்கிடாமல் கேளுங்கள். உங்கள் கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

என் மனைவி நல்லவள். அவளிடம் ஒரே ஒரு குறைதான்: என்னை எதையும் சொல்லி முடிக்க விட்டதில்லை. வகுப்பறையில் நான் பேசினால் மின்விசிறியின் ஓசை மட்டுமே உடன் கேட்கும். வீட்டிலோ, நான் எழுவாயைத் தொடும்போதே அவள் பயனிலையைச் சொல்லிச் சிரித்துவிடுவாள். மருமகன் முதன்முதலாக விருந்துக்கு வந்தபோது, "மாப்பிள்ளை, இவர் ஒரு பேச்சை ஆரம்பிச்சா, அது முடியறதுக்குள்ள உங்களுக்குப் பேரனே பொறந்துடுவான். நீங்க சாப்பிடுங்க" என்றாள். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிற்று. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டால் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது என்றாள். மருத்துவர் ஏதோ ஒரு வெள்ளைத் திரவத்தைக் குடிக்கவைத்து, அது இறங்குவதைத் திரையில் எனக்குக் காட்டினார். உணவைக் கீழே தள்ளிச் செல்லும் அசைவு அவளுக்கு இயல்பிலேயே வலுவற்றது. அந்த மாத்திரை அதை மேலும் குலைத்தது.

"இத இனிமே தொடவே கூடாது சார். வேற எழுதித் தர்றேன். மிச்சத்தத் தூக்கிப் போட்டுடுங்க."

பயனுள்ள பொருளை வீணாக்குவது என் வழக்கமன்று.

மாத்திரை போட்ட நாள்களில் அவள் மேசையில் பேசுவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, நெஞ்சை நீவிக்கொண்டு, தட்டையே பார்த்திருப்பாள். எதிரே அமர்ந்து நான் பேசுவேன், தொடங்கியதை முடிப்பேன். ஆகவே, தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்த மாத்திரையைத் தலைவலி இல்லாத நாள்களிலும் பொடித்து அவளுடைய பழச்சாற்றில் கலந்தேன். கசப்புத் தெரியாதிருக்கச் சர்க்கரையைச் சற்றுக் கூட்டினேன்.

"நீங்க எனக்கு ஜூஸ் போட்டுத் தர்றீங்களா? இன்னைக்கு மழைதான் கொட்டப்போகுது" என்று கேலி செய்தபடியே குடித்தாள். பிறகு ஒருநாள், "தலையும் வலிக்கல, அந்த மாத்திரையையும் விட்டாச்சு. அப்புறம் ஏங்க அடைக்குது?" என்று கேட்டாள்.

மெதுவாகச் சாப்பிடச் சொன்னேன். அறிவுரையில் பிழையில்லை.

நேற்று நண்பகல் ரொட்டியும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தோம். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் என் உரையை இடையில் நிறுத்திய அநியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவள் ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டதில்லை. திடீரென்று, "என்னங்க..." என்று கையை உயர்த்தினாள். பொறுத்திருக்கும்படி நான் விரலை உயர்த்தினேன். மேசையைத் தட்டினாள். சிக்கிய உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது என்று உங்கள் மருத்துவர் பின்னர் சொன்னார். அவள் முகத்தின் நிறம் மாறுவதை நான் அப்போதே கண்டேன். தொலைபேசி என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

எடுத்திருந்தால் பேச்சு பாதியில் நின்றிருக்கும்.

முடித்துவிட்டே எழுந்தேன். அவள் கண்கள் என்னைவிட்டு அகலவேயில்லை. இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, கடைசிச் சொல்வரை ஆர்வத்தோடு கேட்டாள், ஐயா.