ஆறு மணி மறுப்பு

எனக்குக் கார் இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போவதுதான் பிடிக்கும். பஸ்ஸில் ஜனங்கள் தங்களுக்கு வந்த குரல் செய்திகளைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார்கள். மாமியார் சண்டை, கத்தரிக்காய் விலை, கோவில் கொடைக்கு மேளம் பேசியது, எல்லாம் காதில் விழும். தகவல் தொடர்பியல் பேராசிரியருக்கு இதைவிட நல்ல நூலகம் கிடையாது என்று வகுப்பில் சொல்லுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நீங்கள் கேட்டது அந்த வியாழக்கிழமையைப் பற்றி. அதற்கு முன் எங்கள் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு அது. நார்வே தலைமை, கென்யா, பிரேசில், பிறகு நாங்கள். செல்போனில் வதந்தி எப்படிப் பரவுகிறது, அதைக் கட்டுப்படுத்த அரசாங்கங்கள் எந்த மாதிரி விதிகள் எழுத வேண்டும் என்பது கேள்வி. எங்கள் பங்குக்கு அம்பாசமுத்திரம் தொடங்கி ஏரல் வரை ஆற்றங்கரை ஊர்கள். எனக்கு ஒரே ஓர் ஆய்வு உதவியாளர், இசக்கிச்செல்வி. அப்பா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவர். ஓர் ஊருக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் பெண்களைப் பேசவைத்துவிடுவாள்.

எங்களுக்கு ஒரு குறை இருந்தது. கென்யாக் குழுவின் வஞ்சிரு கையில், பிறந்த நிமிடத்திலிருந்து பின்தொடரப்பட்ட ஒரு வதந்தி இருந்தது. தற்செயலாக அவர் அந்த இடத்தில் இருந்திருக்கிறார். நாங்களோ எப்போதும் மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேருவோம். இரண்டாம் ஆண்டு முடிவில், கணினித் திரையில் எல்லோரும் கூடியிருந்தபோது, நார்வேப் பேராசிரியர் மிகுந்த மரியாதையோடு, திருநெல்வேலியைத் துணைக் களமாக மட்டும் காட்டலாமா என்று கேட்டார். யாரும் மறுக்கவில்லை. நானும் தலையாட்டினேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறந்த நேரம் தெரிந்த ஒரு வதந்தி எங்களுக்குத் தேவை என்று மட்டும் புரிந்தது.

அதற்கடுத்த ஐந்து மாதம் பதினொரு ஊர்களின் செல்போன் குழுக்களில் மளிகைக் கடைக்காரராகச் சேர்ந்திருந்தேன். 'ஸ்டோர் அண்ணாச்சி' என்று பெயர். எந்த மடை திறந்திருக்கிறது, திருச்செந்தூரில் இன்றைக்குக் கூட்டம் எப்படி, எந்தப் பஸ் வரவில்லை என்று தினமும் எழுதுவேன். நான் எழுதியதெல்லாம் உண்மை. அதனால் நம்பினார்கள்.

செய்தியைச் செல்வியின் குரலில் பதிவு செய்தேன். ஆய்வகத்தில் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, நம்புகிறார்களா என்று கேட்பதற்கான மாதிரி என்று அவளிடம் சொன்னேன். அவள் நன்றாகப் பேசினாள். "மக்கா, பிள்ளையள வெளிய விடாதீங்க. வெள்ளை வேன்ல ஆளு வந்திருக்காவ. ஏரல் ரோட்டுல ரெண்டு பிள்ளையத் தூக்கிட்டாவளாம். எங்க மதினி கண்ணால பாத்திருக்கா." முடித்துவிட்டுச் சிரித்தாள். "சார், நானே நம்பிருவேன் போலிருக்கு" என்றாள்.

வெள்ளை வேன் என்று எழுதியதில் எனக்கு ஓர் அக்கறை இருந்தது. நீலம், பச்சை என்று சொன்னால் குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து வரலாம். இந்தப் பக்கம் ஓடுகிற வேன்களில் பாதிக்கு மேல் வெள்ளைதான். யாரையும் சுட்டாது என்று நினைத்தேன்.

மறுப்பும் தயாராக இருந்தது. 'அந்தச் செய்தி பொய், எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். வதந்தி ஒரு மணிக்கு, மறுப்பு ஆறு மணிக்கு. கென்யாவில் இரண்டுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இங்கேயும் அதே இடைவெளி இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஒரு மணிக்கு அண்ணாச்சி பெயரில் அந்தக் குழுக்களுக்கு அனுப்பினேன். ஒன்று நாற்பத்தேழுக்கு என் மனைவி மஹாலக்ஷ்மி திருச்செந்தூர்க் கோவில் வரிசையில் நின்றபடி போன் செய்தாள். "ஏன்னா, கேட்டேளா? ஏரல் ரோட்டுல குழந்தையத் தூக்கிண்டு போயிட்டாளாம். இங்க எல்லாரும் அதத்தான் பேசறா." குழந்தைகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் அழுகிறார்கள் என்றாள். திருச்செந்தூருக்கு நாற்பத்தேழு நிமிடம் என்று குறித்துக்கொண்டேன்.

சொரிமுத்து அன்றைக்குத் தன் வெள்ளை வேனில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் கொண்டுவந்து ஏரல் கடைகளில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தாறு. பாலத்தில் வேலை நடந்ததால் வேறு பாதையில் வந்து வழி தப்பியிருக்கிறார். ஓர் ஊரின் பஸ் நிறுத்தத்தில் வேனை நிறுத்தி, அங்கே நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்களிடம் வழி கேட்டார். ஊரின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. அப்போது மூன்று நாற்பது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அந்த ஊர்க் குழுவில் அவர் படம் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. சுற்றிலும் அப்பளக் கட்டுகள் உடைந்து கிடந்தன. ஓட்டுநர் உரிமத்தைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். அழவில்லை. எடுத்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிற முகம்.

என் போனில் மறுப்பு இருந்தது. விரலால் ஒரு தடவை தொட்டால் போதும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு மணி எட்டு நிமிடம் இருந்தது. இதற்குள் போலீஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஐந்து இருபதுக்கு அவர் இறந்தார். ஆறு மணிக்குச் சரியாக மறுப்பை அனுப்பினேன். வதந்தி ஆறாயிரம் பேருக்கு மேல் போயிருந்தது. மறுப்பைத் திறந்து பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேரைத் தாண்டவில்லை. நான்கு நாட்டு ஆய்விலும் முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான் என்று நார்வேப் பேராசிரியர் பிறகு எழுதினார். திருநெல்வேலி முழுக் களம் ஆனது. அண்ணாச்சியின் சிம்மை அன்று மாலையே ஆற்றுப் பாலத்திலிருந்து போட்டுவிட்டேன்.

மறுநாள் செல்வி என் அறைக்கு வந்தாள். போனை நீட்டினாள்.

"சார், எங்கம்மைக்கு யாரோ அனுப்பியிருக்காவ. இது என் குரல்லா?"

கேட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பதிவு உன் போனிலும் இருந்ததா?" என்றேன்.

"இருந்தது சார். அக்காட்ட மட்டும் போட்டேன். விளையாட்டுக்கு. 'எப்படி நடிச்சிருக்கேன் பாரு'ன்னு..."

சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள். "நாந்தான் சார் கொன்னுட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவளாகவே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு நாள் சிறையில் இருந்தாள். ஜாமீனுக்கு உதவும் என்று நான் நன்னடத்தைச் சான்று கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை.

மூன்றாவது வாரம் சொரிமுத்துவின் மனைவியைப் பேட்டி எடுக்கப் போனேன். பாதிக்கப்பட்டவர் தரப்பு இல்லாமல் அறிக்கை முழுமை ஆகாது. மாரித்தாய் என்று பெயர். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். பெயர் வெளியே வராது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றேன்.

"அவுக வழி கேக்கத்தான் நின்னாவ சார்" என்றாள். "எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேருட்ட வழி கேப்பாவ. அது அவுக சுபாவம்." பிறகு, "இத எங்க கொண்டு போவீய?" என்று கேட்டாள்.

சட்டம் எழுதுகிறவர்களிடம் என்றேன்.

"அப்பம் முதல்ல சொன்னது யாருன்னு கண்டுபிடிச்சிருவீயல்லா?"

முயற்சி செய்கிறோம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவை நான் இன்னும் எழுத்தில் ஏற்றவில்லை. இரண்டு முறை உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி வருகிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

அதற்கப்புறம் பஸ்ஸில் போவது சிரமமாகிவிட்டது. அந்தச் செய்தி சாகவில்லை. பதிவிலிருந்து 'ஏரல் ரோடு' என்பதை வெட்டிவிட்டு வேறு வேறு ஊர்களின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் எனக்கு முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் அதைப் போட்டுக் கேட்டாள். செல்வியின் குரல். மக்கா, பிள்ளையள வெளிய விடாதீங்க. கேட்டுவிட்டு அவள் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். டீக்கடையில் கேட்டிருக்கிறேன், பல் டாக்டர் வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்தே வந்தது. மஹாலக்ஷ்மி கூட்டுக்குக் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஊர் விழுப்புரம். "பாவம், எந்தப் பெத்தவளோ" என்றாள். அவளிடம் அது பொய் என்று சொன்னேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கண்டுபிடித்தது வஞ்சிருதான். நால்வரும் ஒருவர் தரவை ஒருவர் சரிபார்ப்பது எங்கள் ஒப்பந்தம். அவர் இரண்டே வரி எழுதினார். வதந்தியை நீங்கள் மூன்று மணிக்குக் கேள்விப்பட்டுக் கவனிக்கத் தொடங்கியதாக அறிக்கை சொல்கிறது. உங்கள் அட்டவணையில் இருப்பதுபோல், ஒன்று பன்னிரண்டுக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை எப்படி எண்ணினீர்கள்? நான் பதில் எழுதவில்லை. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, அவர் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். அங்கிருந்து போலீஸுக்கு, உங்களிடம் வந்திருக்கிறது. நல்ல ஆய்வாளர். அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். செல்வியின் வழக்கை இன்றைக்கே திரும்பப் பெற்றுவிடுங்கள். அவள் மேல் தப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று நான் சும்மா இருந்ததாகத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். அந்த ஊர்க் குழுவை அன்றைக்கே கலைத்துவிட்டார்கள். ஆனால் யாரோ திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் மேசைமேல் வைத்த தாளைப் பார்த்துவிட்டேன்.

சொரிமுத்துவின் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்ன ஆளு இவன்தானா? சீக்கிரம் சொல்லுங்க. 'நான் இல்ல'ன்னு சத்தியம் பண்ணுதான்."

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நான்கு நிமிடம் அந்தக் குழுவில் வேறு யாரும் எதுவும் எழுதவில்லை. அந்த நான்கு நிமிடமும் அவரை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பதில் சொல்லாவிட்டால் அண்ணாச்சி மேல் சந்தேகம் வரும். இல்லை என்று சொன்னால் வதந்தி மூன்றாவது மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

நான் ஆமாம் என்று எழுதவில்லை. 'மாதிரிதான் இருக்கு' என்று எழுதினேன். ஆராய்ச்சியில் அதை உறுதிப்படுத்தல் என்று யாரும் கொள்ளமாட்டார்கள்.