அவள் என்ன சொல்வாள்

எனக்குக் காலையில் எழுதினால்தான் ஓடும், மேடம். ஆறிலிருந்து எட்டு வரை. அதற்குப் பிறகு உட்கார்ந்தால் எல்லாம் ஆபீஸ் கடிதம் மாதிரி வந்து விழும். அதனால்தான் இந்த வாக்குமூலத்தைக் காலையில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டதற்கு நன்றி, டீக்கும் நன்றி.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாமான் வாங்கினால் பெட்டிக்குள் சின்னதாக ஒரு கையேடு இருக்குமே, அதை எழுதுகிறவன் நான். சலவை இயந்திரம், மிக்ஸி, வெந்நீர் ஹீட்டர். ‘மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்பதெல்லாம் என் கை. பதினாறு வருடமாக எழுதுகிறேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என் மனைவி சொல்வாள், “உங்க புத்தகத்தப் படிச்சு ஒரே ஒருத்தர் ஒழுங்கா துணி துவைச்சிட்டா போதும், அதவிடப் பெரிய விருது வேணுமா?” கிண்டல்தான். அவள் வாயால் கேட்டால் உறைக்காது.

அவள் மருந்துக்கடையில் இருந்தாள். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பதினான்கு வருடம். “போன மாசம் வாங்கினேனே, வெள்ளையா, நடுவுல கோடு போட்டிருக்கும்” என்று யாராவது வந்து நின்றால், அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை சரியான அலமாரிக்குப் போயிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “படிப்பு கொஞ்சம், அழகு அதவிடக் கொஞ்சம். ஞாபகத்த மட்டும் கடவுள் அள்ளிக் குடுத்துட்டான்” என்பாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அவளிடம் இருந்த ஒரே கர்வம் அதுதான்.

நான் கதையும் எழுதுவேன். சனிக்கிழமை மாலை ஒரு நூலகத்தின் மாடி அறையில் ஏழு பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவோம். அதில் ஒருவருக்கு ‘கமா’ என்று பெயர் வைத்திருந்தோம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதை வாசித்தாலும், “இங்க ஒரு கமா வேணும் சார்” என்பார். என் கதைகளைப் பற்றி அவரும் மற்றவர்களும் மூன்று வருடமாக ஒன்றையேதான் சொன்னார்கள். கட்டமைப்பு நன்றாக இருக்கிறது, உயிர்தான் இல்லை. உப்புச் சப்பில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. வலித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இந்தச் செயற்கை நுண்ணறிவு வந்தது. எங்கள் ஏழு பேரில் ஆறு பேராவது அதை வைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்று ஒரு முறை அமைய எட்டு மாதம் ஆனது. முதலில் முழுக்கதையையும் அதையே எழுதச் சொன்னேன். எங்கேயோ நூறு தடவை படித்த மாதிரி ஒன்று வந்தது. அடுத்து, நான் எழுதி அதைத் திருத்தச் சொன்னேன். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, ஒரு மடிப்புகூட மிச்சமில்லாமல் திரும்பி வந்தது. கடைசியில்தான் எனக்கு உறைத்தது. அதை எழுதவும் விடக்கூடாது, திருத்தவும் விடக்கூடாது. கேள்வி கேட்க மட்டும் விட வேண்டும்.

அப்போது ஒரு நாவல் தொடங்கியிருந்தேன். ஞாபகசக்தியில் கர்வம் உள்ள ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்தில் சாவி மாட்டும் ஆணியில் சாவி இல்லை. ‘அவள் திடுக்கிட்டாள்’ என்று எழுதியிருந்தேன். இயந்திரம் கேட்டது: அந்த இடத்தில் அவள் என்ன சொல்வாள்? நாலைந்து வசனம் எழுதிக் கொடுத்தேன். இவையெல்லாம் நீங்கள் சொல்லக்கூடியவை, அவள் சொல்லக்கூடியவை அல்ல என்றது. இப்படிப்பட்ட ஒருவரை இப்படிப்பட்ட நேரத்தில் கவனித்திருக்கிறீர்களா என்றும் கேட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர் யாரும் கேட்கிற கேள்விதான்.

மறுநாள் ஆணியிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

“சாவி எங்கங்க?” என்று என்னைக் கேட்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. ஆணிக்கு முன்னால் நின்றுகொண்டு, வீட்டுக்கு நேரங்கழித்து வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி, “இங்கதான இருந்த?” என்றாள். ஏழு ஜென்மம் எடுத்தாலும் என் பேனாவில் அது வந்திருக்காது. அந்தச் சனிக்கிழமை வாசித்தபோது கமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், இந்தப் பொம்பளைய எங்கேருந்து புடிச்சீங்க?” என்றார்.

“எல்லாம் கற்பனைதான்” என்றேன்.

அதன் பிறகு முறை தானாக அமைந்துவிட்டது. காலையில் எழுதுவேன், எட்டு மணிக்கு இயந்திரம் கேள்வி கேட்கும், மாலைக்குள் பதிலைக் கண்டுபிடிப்பேன். ஒரு அட்டவணை வைத்திருந்தேன். தேதி, செய்தது, எதிர்பார்த்த பதில், கிடைத்த பதில். மூக்குக்கண்ணாடி, பால் பாக்கெட், குளியலறைக் குழாய். அவள் சமையலறையை விட்டு வந்தபின் இரண்டு தடவை அடுப்பைத் திரும்ப ஏற்றி வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன்.

இயந்திரம் மூன்று தடவை கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதன்மேல் பழி போடுவதாக ஆகிவிடும். நீங்கள் தருகிற குறிப்புகளில் தேதியும் நேரமும் இருக்கின்றனவே, இவர் உண்மையில் இருப்பவரா என்று கேட்டது. அப்படியானால் நிறுத்துங்கள், அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றது. இரண்டு தடவை ‘இது கதை’ என்று பதில் போட்டேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு, அதற்கான நிரந்தரக் குறிப்புகள் எழுதிவைக்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: எல்லாரும் கற்பனைப் பாத்திரங்கள், இதைப் பற்றி மறுபடி கேட்க வேண்டாம். அதன்பின் கேட்கவில்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் எழுத்து ஓடாது.

நாலாவது மாதம் அவள் ஒரு சின்ன நோட்டு போட்டாள். கைப்பையிலேயே வைத்திருப்பாள். ‘7.40 அடுப்பு அணைத்தேன். 8.10 சாவி கைப்பையில். 8.15 கைப்பை தோளில்.’ அவள் குளிக்கும் நேரத்தில் படிப்பேன். அலங்காரம் கிடையாது, ஒரு சொல் கூடுதல் கிடையாது. இத்தனை வருடம் நான் எழுதப் பார்த்ததை அவள் பாட்டுக்கு எழுதிவைத்திருந்தாள். ஒரு பக்கத்தில், ‘8.20 நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று இருந்தது. அதை ஆறாம் அத்தியாயத்தில் அப்படியே சேர்த்தேன்.

அந்த நோட்டையும் நம்ப முடியாமல் போனால் அவள் என்ன ஆவாள் என்று இயந்திரம் கேட்டது. இல்லை. அதை இயந்திரம் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அவள் கையெழுத்து சுலபம், பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. ஒரு வாரம் பழகினேன். ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். ‘6.05 அம்மாவிடம் பேசினேன்.’ அவள் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். விரலை வரியின்மேல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். அழுவாள் என்று அட்டவணையில் எழுதியிருந்தேன். அழவில்லை. “கையெழுத்து என்னுதுதான்” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் கடைக்குப் போய் அலமாரிச் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டாள். “என் கையால யாருக்காவது தப்பா குடுத்துட்டா என்ன பண்றது?” என்றாளாம். அவர் லீவு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, படம் வரைந்து காட்டும் பரிசோதனை, ஒன்று விடவில்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது. “வீட்ல ஏதாவது மனக்கஷ்டம் உண்டா?” என்று டாக்டர் என்னைத் தனியாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, மேடம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

படியிறங்கும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணும் இல்லன்னா, அப்ப இது என்னதாங்க?” என்றாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன் என்று எழுதினால் எனக்கு நல்லது. ஆனால் நினைக்கவில்லை. அந்த வாக்கியம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடக்கூடாதே என்றுதான் நினைத்தேன்.

அவளைப் பார்த்துக்கொள்ள நான் ஆபீஸில் விடுப்பு எடுத்தேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று மாடிவீட்டு அம்மா எல்லாரிடமும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தினமும் காலையில் அவள் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுவாள். அந்த டப்பாவை என் கையில் கொடுத்து, “இனிமே நீங்களே குடுங்க. என்னை நான் நம்பல, உங்களத்தான் நம்பறேன்” என்றாள்.

அப்போது ஒன்பதாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரை போட்டேனா என்று மனைவி கேட்கிறாள். கணவன் என்ன சொல்லலாம் என்று இயந்திரத்திடம் மூன்று விதமாகக் கேட்டு வாங்கியிருந்தேன், கதைக்காக. ‘போட்டாச்சு’ என்பது ஒன்று. பதிலே சொல்லாமல் திரும்பிக்கொள்வது ஒன்று. ‘இன்னும் போடல’ என்பது ஒன்று. செவ்வாயும் புதனும் முதல் இரண்டையும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. வியாழக்கிழமைக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

எட்டு மணிக்குத் தண்ணீரோடு கொடுத்தேன். ஒன்பதரைக்கு, “மாத்திரை போட்டேனா?” என்றாள். இன்னும் போடல என்றேன். கையை நீட்டினாள். பதினொன்றுக்குக் கேட்டாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டாள். மருந்துக்கடையில் பதினான்கு வருடம் நின்றவள், ஒரு நாளைக்கு எத்தனை போடலாம் என்று ஊருக்கே சொன்னவள். நாலாவது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணி சுமாருக்குக் குளியலறை வாசலில் விழுந்தாள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பதினொரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன். அவள் தரையில் கிடந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் தெளிவாக இல்லை, காதைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. “உங்களுக்குத்தான் தொல்ல குடுத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள். இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவைதான் முழுதாகக் கேட்டது.

பிழைத்துவிட்டாள். சிறுநீரகம்தான் முன்போல இல்லை என்கிறார்கள். மறதியில் தானே எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டதாகவும், என்மேல் ஒரு தப்பும் இல்லை என்றும் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஆட்கள் அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாள் தவறானது. அவளுக்கு மறதி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

நான் மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவால். வெள்ளிக்கிழமை மாலை, ஆஸ்பத்திரி நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, மறுநாள் கூட்டத்துக்காக ஒன்பதாம் அத்தியாயத்தை எல்லாருக்கும் போனிலிருந்து அனுப்பினேன். அத்தியாயத்துக்குப் பதிலாக அட்டவணையை இணைத்துவிட்டேன். முதலில் கமாதான் பதில் போட்டார். ‘வடிவம் பிரமாதம் சார். வெறும் கட்டம் கட்டமாகப் போட்டு ஒரு நாவலா? முதல் தடவையாக உயிர் தெரிகிறது.’ அதை நாலைந்து தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைத்து என்ன பிரயோஜனம். அரைமணி நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அவரும் அந்தக் கடையில்தான் மருந்து வாங்குகிறவர். ‘சார், இது நம்ம கம்ப்யூட்டரம்மாவா?’ நான் பதில் போடவில்லை. அவர் நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

ஆக, சாவியிலிருந்து மாத்திரை வரை எல்லாம் நான் செய்தது. தெரிந்தே செய்தது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை, இயந்திரமும் தூண்டவில்லை. இந்த ஒன்பது பக்கத்திலும் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று பகல் உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். நல்லது, அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். நான் வர முடியாது என்பதும் புரிகிறது. ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். போகிறவரிடம் ஒரு பேனாவும் தாளும் கொடுத்தனுப்புங்கள். கேட்டதும் அவள் முதலில் என்ன சொல்கிறாளோ, அதை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.