முடி வளர்ந்த பிறகு வரச் சொன்னார்கள்

என் பெயர் துலுக்காணம், வயது அறுபத்திரண்டு, தகப்பனார் பெயர் பாலசுந்தரம், சொந்த ஊர் நகரி. ஸ்டேஷனில் விலாசம் கேட்கிறார்கள்; திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள நடைபாதை என்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெலுங்கும் சரியாகப் பேச வராததால் தமிழில் சொல்கிறேன்.

நகரியில் பவர்லூம் ஓட்டிய எனக்குக் கண் மங்கியதும் வேலை போனது, அதன் பிறகு வாடகை வீடும் போனது, நானும் என் மனைவி பச்சையம்மாளும் திருப்பதிக்கு வந்து நடைபாதையில் படுத்தோம். தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தால் முடி காணிக்கை கொடுப்பதாக அவள் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். அதன் பிறகு வீடில்லாதவர்களுக்கென்று புதிதாகத் திறந்த தங்குமிடத்தில் எங்கள் இருவரையும் போட்டோ எடுத்துப் பதிந்து கட்டில் கொடுத்தார்கள். வாசலில் உள்ள மிஷினுக்கு முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும்.

அதன் பிறகு மலைக்கு நடந்தே ஏறி அவள் மொட்டை போட்டுக்கொண்டாள். எனக்கு ஏற்கெனவே வழுக்கை, சாமிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. திரும்பி வந்து நின்றபோது மிஷின் என்னை விட்டது, அவளை விடவில்லை. தலையில் பூசிய சந்தனத்தைக் கழுவிவிட்டுக் காட்டினாள், முந்தானையால் மூடிக்கொண்டும் காட்டினாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. காவலாளி சுனிலுக்கு அவளை நன்றாகத் தெரியும். “நா என்னாக்கா பண்றது, மிஷினு ஒத்துக்கினாத்தான் டோரு தெறக்கும். முடி வளந்தப்புறம் வாங்க” என்றார். தங்குமிடத்து ஆபீசில் போய் அவளைப் புது போட்டோ எடுக்கும்படி நான் கேட்டதற்கு, பச்சையம்மாள் பெயரில் ஏற்கெனவே கட்டில் இருக்கிறது, இரண்டாம் முறை பதிய முடியாது என்றார்கள்.

“நீயாச்சும் உள்ள போய்ப் படுய்யா, நா இங்கியே குந்திக்கினு இருக்கேன்” என்றாள் அவள். எனக்கு மனம் வரவில்லை. இருவரும் பல நாள் கேட்டுக்கு வெளியிலேயே படுத்தோம், அதன் பிறகு மழையில் நனைந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இன்று காலை மறுபடியும் கெஞ்சப் போனபோது சுனில் செல்போனில் பார்த்துவிட்டு, நாங்கள் வராமலே இருந்ததால் எங்களுக்குச் சொந்த வீடு கிடைத்துவிட்டதாக மிஷினே பதிந்துகொண்டது, கட்டிலும் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார். பச்சையம்மாள் ஈரச் சேலையோடு அங்கேதான் குந்தியிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செங்கல்லை எடுத்து மிஷினை உடைத்தேன். உடைத்தும் கதவு திறக்கவில்லை.

என்னை இன்று லாக்கப்பில் வைப்பதாகச் சொன்னார்கள். அவளையும் கூடவே வைக்கும்படி இன்ஸ்பெக்டர் ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். அவள் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் மிரட்டிச் சொன்னதல்ல, நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

இடது பெருவிரல் ரேகை
துலுக்காணம்