தூக்குறதுக்கு ஒரு ஆளு

கொள்ளிடத்துக்குக் கரை கட்டாத காலம். நடு ஆத்துல நாணத்திட்டுனு ஒரு ஊரு, நம்ம ஊருதான். அதுல பவுனாம்பானு ஒருத்தி இருந்தாளாம். ஒரு எடத்துல உக்கார மாட்டாளாம். மேக்கால கறுத்தா போதும், எந்திரிப்பா, ஆத்தப் பாப்பா, வருவா, மறுபடி போவா. கால்ல சக்கரமா கட்டியிருக்குனு புருஷன் திட்டுவானாம். திட்டிட்டுப் போறான். கூடப்பொறந்த ரெண்டு பேர சின்ன வயசுலேயே வெள்ளத்துக்குக் குடுத்தவ அவ.

அவ என்ன பண்ணுனாளாம், வீட்டுல ஆளுக்கு ஒண்ண ஒப்படைச்சாளாம். புருஷனுக்கு வெத நெல்லு. மவன் நடேசனுக்குப் பசுமாடு. மருமவ தையலுக்கு நெருப்புச் சட்டி. நடக்க முடியாத மாமியாக்காரிய அவளே தூக்கிக்குவா. தாம்பாளத்த மூணு தட்டு தட்டுனா, சோத்துல கைய வச்சிருந்தாலும் ஒதறிட்டு எந்திரிச்சு, அவங்கவங்க பொறுப்ப எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடணும். ஆடி பொறந்தா வாரம் ஒரு தரம் தட்டுவாளாம். எந்தச் சாமிடி பொறப்பாடுனு ஊரே சிரிச்சுதாம். சிரிங்கடானு அவ பாட்டுக்குத் தட்டுவாளாம்.

அந்த வருஷம் தையலு தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனா. புள்ளைக்கு அஞ்சாம் மாசம், ஐப்பசியில, பொம்பளப் புள்ளையோட திரும்பி வந்தா. வந்து ரெண்டே நாளு. காலம்பர நேரம், தண்ணி வந்துருச்சு. சொல்லிக்கிட்டா வரும்? பவுனாம்பா தட்டுனா. மூணே தட்டு. அவனவன் எடுத்தான், ஓடுனான். ஊரே அலறிக்கிட்டு நிக்குது, இவங்க குடும்பம் மொத ஆளா மேடேறிருச்சாம்.

மேல நின்னு பவுனாம்பா எண்ணுனாளாம். நெல்லு வந்துச்சு. மாடு வந்துச்சு. நெருப்பு அணையாம வந்துச்சு. கெழவியும் வந்துட்டா. தையலு பவுனாம்பா இடுப்பப் பாத்தா. பவுனாம்பா தையலு கையப் பாத்தா.

"புள்ள எங்கடி?"

"ஒங்ககிட்ட இல்லையா அத்த?"

அவ்வளவுதான் பேச்சு. கை பழகுனதத்தான எடுக்கும்? புள்ள வீட்டுக்குப் புதுசு. அதுக்கு ஆளே சொல்லல. அதத் தூளியில விட்டுட்டு அத்தன பேரும் ஒழுங்கா வந்து நிக்கிறாங்க.

பவுனாம்பா தண்ணியில எறங்கிட்டா. மாட்டுக் கவுத்தோட ஒரு முனைய அவகிட்ட குடுத்து, மறு முனையப் புடிச்சுக்கிட்டு நடேசன் பின்னாடி ஓடுனான். நெஞ்சளவு தண்ணி, வீட்டுக்குள்ள போனா, தூளியோட அடி மட்டும் நனைஞ்சிருக்காம். புள்ள தூங்குதாம். அதத் தலையில வச்சுக்கிட்டு, கவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து சேந்தாளாம்.

புள்ள பொழச்சுருச்சு. ஊரு அவளக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. அவளுக்கு மட்டும் ஆறல. நெல்லுக்கு ஆளு சொன்னேன், மாட்டுக்குச் சொன்னேன், புள்ளைக்குச் சொல்லலியேனு சொல்லிச் சொல்லி அழுதாளாம். அதுக்கப்புறம் எந்த வீட்டுல பேரு வச்சாலும் கூப்புடாமலே போயி வாசல்ல நிப்பாளாம்.

"தண்ணி வந்தா இத யாரு தூக்குவா?"

நான்னு ஒருத்தர் சொல்ற வரைக்கும் நகர மாட்டாளாம். பேரு வைக்கவும் விட மாட்டாளாம்.

அதுலேந்துதான் நம்ம ஊருல, காதுல பேரு சொல்றதுக்கு முன்னால அந்தக் கேள்வியக் கேக்குறது. பெத்தவங்க வாயே தொறக்கக் கூடாது, வேற ஆளுதான் சொல்லணும். பெத்தவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பி விட்டுருவாங்கல்ல. சொன்ன ஆளு செத்துப்போனா, கருமாதி முடியறதுக்குள்ள வேற ஒருத்தர் அந்த எடத்துல நிக்கணும். வயசானவங்களுக்கும் அதே மொறதான்.

எனக்கு நான்னு சொன்னது எங்க சின்னம்மா. அவ போய்ச் சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. எனக்கு முட்டி போயி மூணு வருஷம் ஆச்சு. பவுனாம்பா கதைனா உச்சுக் கொட்டிக்கிட்டுக் கேக்குறீங்க. இத்தன பேரு உக்காந்திருக்கீங்களே, ஒருத்தராவது எனக்கு நான்னு சொன்னீங்களா?