திருவாதவூரில் மட்டும் மழை

— எட்டரை மணின்னா எட்டரைதான் தம்பி. தொண்ணூத்தொண்ணுலேர்ந்து ஏழு வருசமா ஒருநா தப்பல. மழைமானியத் தொறப்பேன், அளப்பேன், நோட்டுல ஏத்துவேன். ராமக்காள் எழுத்துல தப்புன்னு எந்த ஆபீசரும் சொன்னதில்ல.

— ஐயோ, தப்புன்னு சொல்லவா மதுரைலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? நன்றி சொல்ல வந்தேன்க்கா. இந்த ஸ்ரீநாத்துக்கு டாக்டர் பட்டம் கெடைச்சா, அது உங்க நோட்டாலதான்.

— அதுல அப்பிடி என்ன கண்டீங்க?

— ஒரு மழை! வருசா வருசம் ஆகஸ்ட் நடுவுல, ஒரே ஒரு நாள், நாலஞ்சு மில்லிமீட்டர். சமயநல்லூர் மழைமானில பொட்டுத் துளி கெடையாது. தல்லாகுளத்துலயும் கெடையாது. இங்க மட்டும்!

— ஆகஸ்டுன்னா... ஆடிக் கடைசியா?

— ஆமா. என் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பூமி வச்சிருக்கேன்க்கா. அதைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, காத்து, வெக்கை, ஈரம்னு கணக்குப் போட்டு மழையை வரவழைக்கணும்.

— அம்புட்டும் கணக்குல வந்துருமா?

— எங்க வருது! மேகம் என் கட்டத்தவிடச் சின்னது. அது எப்பக் கரையும், எப்பக் கொட்டும்னு நானே உத்தேசமா ஒரு எண்ணு வைக்கணும்.

— உத்தேசம் சரின்னு எப்பிடித் தெரியும்?

— உங்க நோட்டோட ஒத்துப்போகணும். போகலைன்னா எண்ணை மாத்து, மறுபடி ஓட்டு. நாலு வருசமா இந்த ஒரு மழை மட்டும் வரவே இல்ல. போன மாசம் கம்ப்யூட்டர்ல வந்துச்சு பாருங்க, எங்கம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன்! திங்கக்கெழமை ஆராய்ச்சிக் கட்டுரையக் கொடுக்கணும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மேகம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?

— மொதல்ல இந்த மோரைக் குடிங்க தம்பி.

— எந்தப் பக்கம்க்கா?

— மேகம் ஏது? ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூழு ஊத்திட்டு, பொம்பளைக எல்லாம் மஞ்சத்தண்ணிச் சொம்போட ஊரைச் சுத்தி வருவோம். மழை வந்து எறங்குற எடமாச்சேன்னு அந்த மழைமானிக்கும் ஆளுக்கு ஒரு கை தெளிப்போம்.

— நீங்களுமா?

— மொதக் கையே என்னோடதுதான்.

— அதையா மழைன்னு எழுதுனீங்க?

— மறுநா தொறந்தா தண்ணி கெடக்கு. உள்ள இருக்குறத அளந்து எழுதுன்னுதான ஆபீசர் சொன்னாரு? மஞ்சளாத்தான் இருந்துச்சு. கலரு எழுத நோட்டுல கட்டம் இல்லையே! ஏன் தம்பி சிரிக்கிறீங்க? கண்ணு வேற கலங்குது... உங்க கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லிருச்சா?

— இல்லக்கா. நாலு வருசமா அது 'மழை இல்ல, மழை இல்ல'ன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு. அது பொய் சொல்ற வரைக்கும் நான்தான் விடல.